பேச்சு கேக்கல, சண்டை காதைப் பிளக்குது

கொஞ்சம் நீளமான இழை. டிவி சத்தத்தைப் பத்தி. "டாக்டருக்கு வேற வேலை இல்லையா"ன்னு தோணலாம். படிச்சுட்டுத் திட்டுங்க.

வீட்ல ஓடிடியில ஒரு தமிழ்ப் படம் பாக்கும்போது ரிமோட் எவ்வளவு நேரம் சும்மா கிடக்குன்னு கவனிச்சுப் பாருங்க. வசனம் வந்தா கூட்டணும். சண்டை வந்தா குறைக்கணும். ஹீரோ நடந்து வந்தா இன்னும் குறைக்கணும், ஏன்னா பின்னணி இசை கூடவே நடந்து வரும். நடுவுல விளம்பரம் வந்தா மியூட். மறுபடி வசனம். மறுபடி கூட்டு. இதுல பாதி வீட்ல தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுப் பாக்கறோம். தாய்மொழியில பேசறது புரியாம வேற மொழியில வாசிச்சுப் புரிஞ்சுக்கறோம். வாசிக்கத் தெரியாத ஆச்சியும் பாட்டாவும் அதே அறையில உக்காந்து படத்தை வெறுமனே பாத்துட்டிருக்காங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சத்தத்தைத் தானாகவே சமப்படுத்தற வசதி எல்லா ஓடிடி செயலியிலும் எல்லா டிவியிலும் வாங்கும்போதே ஆன் ஆகி இருக்கணும். வேண்டாங்கறவங்க அணைச்சுக்கட்டும். இப்போ நிலைமை தலைகீழ். வேணுங்கறவங்கதான் நாலு மெனு தாண்டித் தேடிப் போகணும். தேவைப்படறவங்களுக்கோ தேடத் தெரியாது.

இதைச் சொகுசுன்னு நினைக்கறவங்களுக்குத்தான் இந்த இழை. மூக்குக் கண்ணாடி மாதிரி, படிக்கட்டு ஓரத்துச் சாய்தளம் மாதிரி, இது ஒரு மருத்துவத் தேவைன்னு நான் சொல்றேன்.

முன்கூட்டியே ஒண்ணு: நான் எம்பிபிஎஸ். காது மூக்கு தொண்டை நிபுணர் இல்ல, சவுண்ட் இன்ஜினியரும் இல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துல ஓர் அரசு மருத்துவமனையில ஓபி பாக்கறவ. ஆனா காது கேளாமை முதல்ல வந்து நிக்கற இடம் நிபுணரோட அறை இல்ல, எங்க ஓபிதான். அதுவும் "காது கேக்கல"ன்னு சொல்லிட்டு வராது.

பாட்டா பிரஷர் மாத்திரை வாங்க வந்திருப்பார். கூட வந்த மருமக சொல்லுவாங்க: "டாக்டரம்மா, இவிய டிவி போட்டாவன்னா முக்கு வரைக்கும் கேக்கு. பிள்ளையளுக்குப் படிக்க முடியல்ல." பாட்டா உடனே, "சவம், கூட்டி வச்சா கத்துது, கொறச்சா வாய் மட்டும் அசையுது. நான் என்ன செய்ய?" இது ஒரு குடும்பம் இல்ல. பேரும் ஊரும் மாறும், பேச்சு இதேதான்.

மருமக சொல்றது சரி. பாட்டா சொல்றதும் சரி. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல சரியா இருக்க முடியும்?

வயசான காதுக்கு எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி குறையறதில்ல. உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கு, கோக்லியா. அதுக்குள்ள மயிரிழை மாதிரி நுண்முடி உள்ள செல்கள். உச்சஸ்தாயி ஒலிகளைப் பிடிக்கற செல்கள் வாசலோரமா இருக்கும். வயசானாலும், இரைச்சல்ல வேலை செஞ்சாலும், பெரும்பாலும் முதல்ல போறது அவைதான். போனா திரும்ப முளைக்காது. நம்ம பேச்சுல உயிரெழுத்து கீழ்ஸ்தாயி, சத்தமும் அதிகம். ச, ஸ, த மாதிரியான மெய்யொலிகளோட கூர்மை எல்லாம் மேல்ஸ்தாயி, சத்தமும் கம்மி. சொல்லுக்கு உருவம் குடுக்கறது மெய்யெழுத்து. அது காதுல விழாட்டா பேச்சு வெறும் ஆ, ஓன்னு ஒரு முனகல்.

அதனாலதான் "கேக்கு டாக்டரம்மா, ஆனா என்னன்னு வெளங்க மாட்டேங்கு"ன்னு சொல்லுவாங்க. பாடப்புத்தகத்துல ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கறதை ஒரே வரியில சொல்லிடறாங்க.

இதுக்கு மேல பின்னணி இசை. கீழ்ஸ்தாயி ஒலி சத்தமா வந்தா, அது மேல்ஸ்தாயி ஒலியை மூடிடும். மறுபக்கமா அவ்வளவா நடக்காது. ட்ரம்ஸும் பேஸும் வசனத்தை முழுங்கும். வசனம் ட்ரம்ஸை முழுங்காது. நல்ல காதுக்கே இப்படின்னா, மெய்யெழுத்து பாதி போன காதுக்கு?

இனிதான் முக்கியமான விஷயம். இதை ஆங்கிலத்துல ரெக்ரூட்மென்ட்னு சொல்லுவாங்க. அந்தப் பேர் வேண்டாம், நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன்.

நாகர்கோவில் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பாத்திருப்பீங்க. ரோடு போட்டுப் போட்டு ஒசந்துட்டே போச்சு. வீட்ல தண்ணி ஏறுதுன்னு தரையை ரெண்டடி தூக்கிக் கட்டுவாங்க. கூரை அப்படியே. உள்ள போனா நடுநிலைமையா நிக்க முடியாது, விட்டத்துல தலை இடிக்கும். வயசான காதும் அதேதான். எவ்வளவு மெல்லிய சத்தம் கேக்கும்ங்கறதுதான் தரை. அது ஒசந்துடுச்சு. எவ்வளவு சத்தம் வந்தா தாங்க முடியாதுங்கறதுதான் கூரை. அது அங்கேயே நிக்குது.

எண்ல சொல்லணும்னா, கணக்கு எளிமைக்காக: நல்ல காது கிட்டத்தட்ட 10, 15 டெசிபல்ல இருந்து கேக்க ஆரம்பிக்கும், 100ஐ நெருங்கும்போது கூசும். நடுவுல 85 டெசிபல் இடம் இருக்கு. கேள்வித்திறன் குறைஞ்ச பாட்டாவுக்கு 60லதான் கேக்கவே ஆரம்பிக்கும்; கூசறது என்னவோ அதே 100ல. மிச்சம் இருக்கற இடம் 40தான். சாதாரணமா பேசற பேச்சே 60, 65. ஒரு படத்துல கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் அந்த 40க்குள்ள அடங்காது. கிசுகிசுப்பு தரைக்குக் கீழ போயிடும், வெடி கூரையில இடிக்கும். ரிமோட்டால மொத்த வீட்டையும் மேலேயும் கீழேயும் நகர்த்தலாமே தவிர, அந்த இடைவெளியைச் சுருக்க முடியாது.

ஆக, "கூட்டு"ன்னு சொன்ன மனுஷன் அரை நிமிஷத்துல "ஏன் இப்படிக் கத்த விடுறே, கொறை"ன்னா, அது கிழட்டுக் குணம் இல்ல. முன்கோபம் இல்ல. வேணும்னு பண்றதும் இல்ல.

சத்தமான இடத்தைக் கொஞ்சம் அமுக்கி, மெல்லிய இடத்தைக் கொஞ்சம் தூக்கி, எல்லாத்தையும் அந்த 40க்குள்ள கொண்டு வந்தா அவருக்கு முழுப் படமும் கிடைக்கும். காது மெஷின் செய்யறதும் இதையேதான். நவீன ஹியரிங் எய்ட் வெறும் ஒலிபெருக்கி இல்ல. மெல்லிய சத்தத்தை நிறையத் தூக்கும், நடுத்தரத்தைக் கொஞ்சம் தூக்கும், பெரிய சத்தத்தைத் தூக்கவே தூக்காது. காதுல மாட்டற கருவிக்கு இது அடிப்படை. சுவத்துல மாட்டற கருவிக்கு மட்டும் ஏன் மெனுவுக்குள்ள ஒளிச்சு வைக்கறோம்?

நம்ம உடம்புக்குள்ளயே ஒரு ஆட்டோ வால்யூம் இருக்கு. நடுக்காதுல அங்கவடி எலும்பு, உடம்புலயே சின்ன எலும்பு. அதைப் பிடிச்சிருக்கற ஸ்டேப்பீடியஸ், உடம்புலயே சின்ன எலும்புத்தசை. பெரிய சத்தம் வந்தா அந்தத் தசை சுருங்கி எலும்பை இறுக்கிப் பிடிக்கும். உள்ளே போற சத்தம் கொஞ்சம் குறையும். முகவாதம் வந்த சிலருக்கு அந்தத் தசையும் சேர்ந்து செயலிழக்கும். பாத்திரம் விழற சத்தமே அடிக்கற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. அந்தச் சின்னத் தசையோட அருமை அப்பதான் தெரியும்.

ஆனா அதுக்கு ஒரு குறை உண்டு. சத்தம் வந்தப்புறம்தான் அது சுருங்கும், ஒரு கண்ணிமைப்பு நேரம் தாமதம். தொடர்ச்சியான இரைச்சலுக்கு உதவும். பட்டாசு, திடீர் வெடி எல்லாம் அது முழிக்கறதுக்குள்ள உள்ளே போயிடும்.

இங்கதான் எனக்குக் கோபம் வருது. அடுத்த நொடி என்ன சத்தம் வரும்னு காதுக்குத் தெரியாது. ஓடிடி கம்பெனிக்குத் தெரியும்! முழுப் படமும் அவங்க சர்வர்ல முன்னாடியே இருக்கு. எந்த நிமிஷம் வசனம், எந்த நிமிஷம் வெடி, எந்த இடத்துல விளம்பரம் சொருகப் போறாங்க, எல்லாம் தெரியும். முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருக்கறவனுக்கு அந்தத் தசைக்கு இருக்கற சாக்கு கிடையாது.

சரி, தொழில்நுட்பம் இல்லையான்னா, இருக்கு. பல வருஷமா இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்தைப் போட்டு எல்லாரும் குழப்பிக்கறோம்.

முதலாவது, ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைச் சரி பண்றது. ரெண்டாவது, ஒரே நிகழ்ச்சிக்குள்ள இருக்கற மேடுபள்ளத்தைச் சரி பண்றது. விளம்பரம் கத்தறது முதல் பிரச்சினை. வசனம் கேக்காம சண்டை காதைப் பிளக்கறது ரெண்டாவது.

விளம்பரம் ஏன் கத்துது? அந்தக் காலத்துல சத்தத்தோட உச்சத்தை மட்டும்தான் அளந்தாங்க. நாழியில நெல் அளக்கற கணக்குல யோசிங்க. விளிம்புக்கு மேல போகக்கூடாதுங்கறதுதான் விதி. படத்தோட நாழியில பாதிதான் நெல், எப்பவாவது ஒரு மணி விளிம்பைத் தொடும். விளம்பரக்காரன் நாழியைத் தலைதட்டி நிரப்பிக் கொண்டு வருவான். அவனும் விளிம்பைத் தாண்டல. விதிப்படி ரெண்டும் ஒண்ணு. தூக்கிப் பாத்தாதான் எடை தெரியும்.

அந்த எடையைப் போடற தராசு 2006ல வந்துச்சு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பிஎஸ் 1770ங்கற அளவீட்டு முறை. உச்சத்தைப் பாக்காம, மனுசக் காது எந்த ஸ்தாயியை எவ்வளவு உணருதுங்கறதையும் சேத்து, மொத்த நிகழ்ச்சிக்கும் ஒரு எண் குடுக்கும். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010ல மைனஸ் 23ன்னு ஒரு எண்ணை வச்சுக்கிட்டாங்க. அமெரிக்க டிவியில மைனஸ் 24. (பூஜ்யம்தான் கூரை, அதுக்கு எவ்வளவு கீழங்கறதுதான் மைனஸ்.)

அப்புறம் செல்போனும் இணையமும் வந்துச்சு, ஆளாளுக்கு ஒரு எண். யூடியூப் ஏறக்குறைய மைனஸ் 14. நெட்ஃபிளிக்ஸ் தனக்குப் படம் குடுக்கறவங்க கிட்ட கேக்கறது, வசனத்தை மட்டும் அளந்து மைனஸ் 27. தாள்ல பாத்தா ரெண்டுக்கும் 13 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தோணும். படம் முடிச்சுட்டு அதே டிவியில, அதே 20ல, யூடியூப் போட்டதும் வீடே அதிர்ற காரணம் இதுதான். உங்க டிவி கெட்டுப் போகல. கம்பெனிகளுக்குள்ள ஒத்துமை இல்ல, அவ்வளவுதான்.

இதுல யூடியூப்புக்கு இன்னொரு பழக்கம். சத்தமான வீடியோவைக் கீழே இறக்கும். மெல்லமாப் பேசினதை மேலே தூக்காது. 2023 அக்டோபர்ல ஸ்டேபிள் வால்யூம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அது ரெண்டாவது வேலையை, ஒரே வீடியோக்குள்ள இருக்கற மேடுபள்ளத்தைச் சமப்படுத்தற வேலையைச் செய்யுது. நல்ல விஷயம். அதே வருஷம் ஏப்ரல்ல அமேசான் பிரைம் டயலாக் பூஸ்ட்னு வசனத்தை மட்டும் தூக்கற வசதியைக் கொண்டு வந்தது. ஆரம்பிச்சது இங்கிலீஷ்ல, அவங்க சொந்தத் தயாரிப்புகள் சிலதுக்கு. எப்பவும் போல நம்ம மொழி வரிசையில பின்னாடி.

விளம்பரச் சட்டத்துக்கு வருவோம். நம்ம நாட்டுல 1994ம் வருஷக் கேபிள் டிவி விதிகள்ல 7ஆம் விதி, விளம்பரத்தோட ஒலி மிதமிஞ்சி "சத்தமா" இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. மிதமிஞ்சின்னா எவ்வளவு? எண் கிடையாது. எண் இல்லாத சத்த விதி, அளவில்லாத மருந்துச் சீட்டு மாதிரி. அதுவும் கேபிளுக்குத்தான், ஓடிடிக்கு இல்ல. 2025 ஜூன்ல இருந்து பிரைம் வீடியோவும் இந்தியாவுல படத்துக்கு நடுவுல விளம்பரம் போட ஆரம்பிச்சாச்சு. காசு கட்டிப் பாக்கற இடத்துலயும் இனி இந்தப் பிரச்சினை உண்டு.

அமெரிக்காவுல 2010ல ஒரு சட்டம் போட்டு, 2012 டிசம்பர்ல இருந்து டிவி விளம்பரம் நிகழ்ச்சியை விடச் சத்தமா இருக்கக் கூடாதுன்னாங்க. அதுவும் ஓடிடியைத் தொடல. அந்த ஓட்டையை கலிபோர்னியா மாநிலம் 2025 அக்டோபர்ல அடைச்சது. 2026 ஜூலை 1ல இருந்து ஓடிடி விளம்பரத்துக்கும் அதே விதின்னு சட்டம். அதுக்குத் தூண்டுதல் யாரு தெரியுமா? கைக்குழந்தை. செனட்டரோட அலுவலக ஊழியர் ஒருத்தர் பிள்ளையைப் பாடுபட்டுத் தூங்க வச்சுட்டு டிவி போட, விளம்பரம் கத்தி எழுப்பி விட்டுருச்சாம். ராத்திரி பிள்ளை தூங்க வச்சுப் பாத்தவங்க யாரும் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட மாட்டாங்க.

எனக்கு இதோட வார்டு வடிவம் தெரியும். ராத்திரி ரெண்டு மணி. நோயாளியோட துணைக்கு வந்தவங்க தூக்கம் வராம போன்ல பக்திப் பாட்டு மெல்லமா வச்சிருப்பாங்க, பக்கத்துக் கட்டிலுக்குக் கூட கேக்காது. பாட்டு முடிஞ்ச அடுத்த நொடி ஒரு விளம்பரம் அலறும். பத்துக் கட்டில் முழிக்கும். மூச்சுத்திணறல் இப்பதான் அடங்கித் தூங்கின ஆள் திடுக்கிட்டு எந்திரிப்பார். நர்ஸ் போய் அந்த அம்மாவைச் சத்தம் போடுவாங்க. அந்த அம்மா என்ன தப்பு பண்ணாங்க? மெல்லமாத்தானே வச்சிருந்தாங்க.

மருத்துவமனையைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்; 2000ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி ராத்திரி அங்க 40 டெசிபல்தான் அனுமதி. வாசல்ல ஹாரன் அடிக்காதேன்னு போர்டு வைக்கறோம். கட்டில்மேல இருக்கற போனுக்கு யார் போர்டு வைக்கறது?

இப்போ ரெண்டாவது பிரச்சினைக்கு வர்றேன், சினிமா. இதுல நம்ம தமிழ் உதாரணம் ஒண்ணு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 நவம்பர் 14ல கங்குவா வந்தப்போ கதையை விட அதிகமா பேசப்பட்டது சத்தம்தான். தலைவலியோட வெளிய வந்தோம்னு ஜனங்க சொன்னாங்க. தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே தியேட்டர்கள் கிட்ட சத்தத்தை ரெண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லியிருக்கோம்னார். ஆஸ்கார் வாங்கின ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, அந்தப் படத்துல வேலை செய்யாதவர், ஒலிக்கலவை செய்யறவங்க சத்தப் போட்டியிலயும் கடைசி நேரத் திருத்தங்கள்லயும் மாட்டிக்கறாங்கன்னு வருத்தப்பட்டு எழுதினார்.

அந்தப் போட்டி எப்படி நடக்குதுன்னா: தியேட்டர்ல ஒலியமைப்புக் கருவியில 7ங்கறது அளவுகோல். ஸ்டுடியோவுல அதை வச்சுத்தான் கலக்கறாங்க. படம் அதிகச் சத்தம்னு ஜனங்க சொன்னா தியேட்டர்காரர் 5க்கு இறக்குவார். எப்படியும் 5லதான் ஓட்டுவாங்கன்னு அடுத்த படத்துக்காரர் இன்னும் சத்தமாக் கலப்பார். தியேட்டர்காரர் 4க்கு இறக்குவார். இதுல நடுவுல நசுங்கறது வசனம். அந்த நசுங்கின கலவையே கொஞ்ச நாள்ல ஓடிடிக்கு வந்து, நம்ம வீட்டு மெல்லிசு டிவியோட, சுவத்தைப் பாத்துப் பேசற ஸ்பீக்கர்ல வந்து விழுது.

"எல்லாத்தையும் சமப்படுத்தினா கலை போயிடும், மௌனத்துக்கும் இடிக்கும் வித்தியாசம் இருக்கணும்"னு சவுண்ட் இன்ஜினியர்கள் சொல்றாங்க. எனக்கு அதுல மரியாதை உண்டு. தியேட்டர்ல வையுங்க, நல்ல ஹெட்போன் இருக்கறவனுக்கு வையுங்க. சில மட்டமான லெவலர் வசனத்துக்கு இடையில ஃபேன் சத்தத்தைக் கூட தூக்கிக் காட்டும், மூச்சு வாங்கற மாதிரி இருக்கும், அதுவும் உண்மை. ஆனா பாட்டா உக்காந்திருக்கற நடுவீட்ல உங்க மௌனம் மௌனமா போய்ச் சேரல. வசனமும் சேந்து காணாமப் போகுது. போய்ச் சேராத கலையை யாருக்காகக் காப்பாத்தறீங்க?

மருத்துவரா எனக்கே ரெண்டு ஐயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது.

ஒண்ணு ஹெட்போன். சமப்படுத்தின ஒலியில இடைவெளி கிடையாது; காதுக்கு நடுநடுவே கிடைக்கற ஓய்வு குறையும். அதை அதே உச்சத்துல வச்சு மணிக்கணக்கா கேட்டா காதுக்குப் போற மொத்த டோஸ் கூடும். உலக சுகாதார அமைப்பும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேந்து வச்ச அளவு: பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், சின்னப் பிள்ளைகளுக்கு 75ல 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83ல 20 மணி, 86ல 10 மணி. அதனால சமப்படுத்தறதை ஆன் பண்ணினா கூடவே மொத்த சத்தத்தையும் ரெண்டு படி இறக்குங்க. வசனம் தெளிவாக் கேக்கறதால இறக்க முடியும்.

ரெண்டு, டிவி சத்தம்தான் பல வீட்ல முதல் காதுப் பரிசோதனை. அது சமமாயிட்டா, பாட்டாவுக்குக் கேள்வி குறையறது இன்னும் ரெண்டு வருஷம் தள்ளித் தெரியவரலாம். இது சின்ன விஷயம் இல்ல. லான்செட் ஆணையம் 2024ல பட்டியல் போட்ட, தவிர்க்கக்கூடிய 14 டிமென்ஷியா காரணிகள்ல காது கேளாமையும் ஒண்ணு. பேச்சு புரியாத ஆள் பேசறதை நிறுத்துவார். கல்யாண வீட்டுக்குப் போக மாட்டார். "அவருக்கு மறதி வந்துட்டு"ன்னு வீடு முடிவு பண்ணும்.

அதனால ரெண்டையும் செய்யுங்க. டிவியில சமப்படுத்தற வசதியை ஆன் பண்ணுங்க, பெரியவரையும் கூட்டிட்டு வாங்க. முதல்ல காதுக்குள்ள பாப்போம். பல நேரம் வெறும் அழுக்குதான். எடுத்தா டிவி சத்தம் பாதியாயிடும். (தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊத்தறது, கோழி இறகு, ஊக்கு, பட்ஸ், எதுவும் வேண்டாம்.) அழுக்கு இல்லேன்னா அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுல ஆடியோகிராம் எடுக்கலாம். காது மெஷின் தேவைப்பட்டா மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமா இலவசமா வாங்க வழி இருக்கு. சான்றிதழுக்கு அலையணும், அதை நான் இல்லேன்னு சொல்லல.

கடலுக்குப் போறவங்க வீட்ல இருந்தா இன்னும் சீக்கிரம் வாங்க. முட்டம், குளச்சல் பக்கம் இருந்து வர்ற ஆட்கள்ல பலருக்கு வள்ளத்து எஞ்சின் பக்கத்துலயே வாழ்க்கை. நாப்பத்தஞ்சு வயசுலயே அறுபத்தஞ்சு வயசுக் காது. பெர்சியன் வளைகுடாவுல இருக்கற பிள்ளை போன்ல பேசறது வெளங்காம, போனை மனைவி கையில குடுத்துட்டுத் தள்ளி உக்காந்துக்கறவங்களை நான் பாத்திருக்கேன்.

ஒரு காது திடீர்னு, ஒரே ராத்திரியில அடைச்ச மாதிரி ஆச்சுன்னா அதுக்கு இந்த இழை பொருந்தாது. அது அவசரம். அன்னைக்கே வாங்க. முதல் சில நாள்ல ஸ்டீராய்டு ஆரம்பிச்சா காப்பாத்த வாய்ப்பு அதிகம். ரெண்டு மாசம் கழிச்சு வந்தா பெரும்பாலும் கையைப் பிசையறதுதான் நடக்கும்.

இனி வீட்ல இன்னைக்கே செய்யக்கூடியது. டிவி செட்டிங்ஸ்ல சவுண்டுக்குப் போங்க. ஆட்டோ வால்யூம், நைட் மோட், கிளியர் வாய்ஸ், வால்யூம் லெவலர், கம்பெனிக்கு ஒரு பேர் வச்சிருப்பாங்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்கு. யூடியூப்ல வீடியோ ஓடும்போது பல்சக்கரத்தைத் தொட்டு ஸ்டேபிள் வால்யூம் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஓடிடியில ஆடியோ தேர்வு செய்யும்போது தமிழ், தமிழ் 5.1னு ரெண்டு இருந்தா, தனி ஸ்பீக்கர் இல்லாத வீட்ல வெறும் தமிழைத் தேர்வு பண்ணுங்க. 5.1ல வசனத்துக்குன்னு நடுவுல தனி ஸ்பீக்கர் உண்டு. அது இல்லாத டிவியில மத்ததோட கலந்து அமுங்கிடும். விண்டோஸ் கம்ப்யூட்டர்னா சவுண்ட் செட்டிங்ல லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்னு ஒரு டிக் பெரும்பாலும் இருக்கும். ஒரு காது மட்டும் கேக்கறவங்க போன்ல மோனோ ஆடியோவை ஆன் பண்ணிக்கோங்க, இல்லேன்னா பாதி ஒலி கேக்காத காதுக்கே போகும்.

கம்பெனிகள் கிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. ரிமோட்ல ஒரு சொந்த பட்டன் வச்சு ஒவ்வொரு ஓடிடியும் தன் பேரைப் போட்டுக்குது. அதுல ஒண்ணை எடுத்துட்டு, "பேச்சு"ன்னு தமிழ்ல எழுதி ஒரு பட்டன் வையுங்க. அமுக்கினா வசனம் மேல வரணும், இரைச்சல் அமுங்கணும். அரசு கிட்ட கேக்கறதும் ஒண்ணுதான்: 1994 விதியில இருக்கற "மிதமிஞ்சி"ங்கற சொல்லுக்குப் பதிலா ஒரு எண் போடுங்க, அதை ஓடிடிக்கும் போடுங்க. எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல, 2006ல இருந்து தராசு இருக்கு.

கமென்ட்ல உங்க டிவி எந்த மாடல், அதுல இந்த வசதி எந்த மெனுவுல என்ன பேர்ல இருக்குன்னு எழுதுங்க. அதையெல்லாம் சேத்து ஒரே படமாப் போட்டுடறேன், வீட்டு குரூப்ல அனுப்பிக்கலாம். பெரியவங்க வீட்டுக்குப் போகும்போது நீங்களே ரிமோட்டை வாங்கி ஆன் பண்ணி வச்சுட்டு வந்துடுங்க. போன்ல சொல்லிக் குடுக்க முயற்சி பண்ணாதீங்க, அவங்களுக்குக் கேக்காது.